நகரம் மாறும்போது தோட்டத்தைக் கேட்பது யார்? நிவித்திகலவிலிருந்து ஒரு பார்வை

இரத்தினபுரிக்குத் தெற்கே, மாணிக்கக்கல் அகழ்வுக்குப் பெயர்பெற்ற பிரதேசத்தில் இருக்கிறது நிவித்திகல. சுற்றிவர தேயிலையும் இறப்பரும் சிங்களக் கிராமங்களும் வயல்களும். தோட்டத்து லயங்களில் வாழும் தமிழ் மக்கள் இதை ‘டவுன்’ என்றே சொல்வார்கள். சம்பளம் கிடைத்த மறுநாள் சாமான் வாங்க, நகையை அடகு வைக்க, பிள்ளைக்குக் கொப்பி வாங்க, மருந்து எடுக்க, இரத்தினபுரிக்கு பஸ் பிடிக்க என எல்லாத் தேவைக்கும் வருவது இங்கேதான். ஆனால் இத்தகைய நகரமொன்றின் கடைவீதியை அகலிப்பது, பஸ் தரிப்பிடத்தை மாற்றுவது, பழைய கடைகளை இடித்து மாடிக்கட்டடம் எழுப்புவது பற்றிப் பேச்சு எழும்போது, தோட்டத்திலிருந்து வரும் மனிதர் அந்தப் பேச்சில் வாடிக்கையாளராகக்கூட எண்ணப்படுவதில்லை. குடியிருப்பாளர் என்ற கணக்கில் அவர் வருவதேயில்லை.

இது ஏன் இப்படி அமைந்தது, சட்டம் என்ன சொல்கிறது, நகர அபிவிருத்தித் திட்டம் எப்படி உருவாகிறது, சாதாரண மக்கள் எந்த இடத்தில் குறுக்கிட்டுப் பேசலாம் என்பவற்றைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் போட்ட வேலி

தோட்டத்து மக்களை உள்ளூராட்சிக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. 1931 இல் டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோதே இந்தியத் தொழிலாளருக்கு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1937 இல் கிராமச் சபைகள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் குடியிருக்கும் தொழிலாளர் அந்தச் சபைகளுக்கு வாக்களிக்க முடியாத நிலை உறுதியானது. கிராமம் வேறு, தோட்டம் வேறு என்ற பிரிப்பு அன்று சட்டத்தில் எழுதப்பட்டது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விடயம் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. குடியுரிமைப் பிரச்சினை முழுமையாகத் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குடியுரிமை கிடைத்த பின்னரும் வேலி முழுதாக விழவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை தன் நிதியைச் செலவிடக்கூடிய அபிவிருத்திப் பணிகளைக் கிராமங்களோடு இணைத்தே பேசியது. தோட்டக் குடியிருப்பு அந்த வரையறைக்குள் வராது என்று அதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. விளைவு விசித்திரமானது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். அவர்கள் வாக்கில் உறுப்பினர் தெரிவானார். ஆனால் அந்த உறுப்பினர் தோட்டத்துப் பாதையில் ஒரு மதகு கட்டச் சபைப் பணத்தைக் கேட்டால், சட்டம் இடமளிக்காது என்ற பதில் வந்தது.

மலையகப் பிரதிநிதிகளும் சிவில் அமைப்புகளும் நீண்டகாலமாக எழுப்பிய கோரிக்கைக்குப் பின், 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தத் தடையை நீக்க வழிசெய்தது. அதே ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. ஆயினும் நிலம் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்று, நீண்டகாலக் குத்தகையில் உள்ளன. லயத்தில் நான்கு தலைமுறையாக இருப்பவரின் கையில் உறுதிப்பத்திரம் இல்லை. ஆகவே தோட்டத்துக்குள் எந்த வேலைக்கும் நடைமுறையில் நிர்வாகத்தின் இணக்கம் வேண்டியிருக்கிறது.

நிலத்துக்கு உறுதி இல்லாதவருக்கு நகரத்திலும் உறுதியான இடம் இல்லை. வங்கிக் கடனுக்குப் பிணை வைக்கக் காணி இல்லை. சபையின் கடை அறையைக் கேள்விக்கோரலில் எடுக்கும் அளவுக்குப் பணம் இல்லை. எனவே டவுனில் வேலை தேடும் தோட்டத்து இளைஞர் கடையின் உரிமையாளராவது அரிது. கடைச் சிப்பந்தியாகவோ, நடைபாதையில் பழம் விற்பவராகவோ, முச்சக்கர வண்டியை நாள் வாடகைக்கு ஓட்டுபவராகவோ இருக்கிறார். நகரத்தை மீளமைக்கும்போது முதலில் அப்புறப்படுத்தப்படுவதும் இவர்கள் நிற்கும் இடங்கள்தான்.

1981 இன் நிழல்

சபரகமுவ தமிழரின் மௌனத்தைச் சட்டத்தால் மட்டும் விளக்க முடியாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை ஈழத்தமிழர் எவரும் மறக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டதும், குடும்பங்கள் உடுத்த துணியோடு காடுகளிலும் பற்றைகளிலும் ஒளிந்ததும் வடக்கில் அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. அம்மாதம் 17 ஆம் திகதி அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. 1977 இலும் 1983 இலும் இதே மக்கள் வன்செயலைச் சந்தித்தனர்.

ஓடியவர்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்குப் போனார்கள். மற்றொரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தார்கள். மருத்துவர் சோ. இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியமர்த்தியது. இராஜசுந்தரம் 1983 ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கென்ற் பாம், டொலர் பாம் ஆகிய இடங்களில் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984 இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டன. வன்னியில் எஞ்சியவர்கள் 2009 வரையான போரை முழுவதுமாக அனுபவித்தார்கள்.

எனவே இக்கட்டுரையை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ, கடல் கடந்த ஒரு நகரத்திலோ இருந்து வாசிப்பவர்களில் சிலருக்கு நிவித்திகலவும் கஹவத்தையும் றக்வானையும் பாட்டன் பாட்டி பிறந்த ஊர்களாக இருக்கலாம். அங்கே தங்கிவிட்டவர்களோ, சிங்களப் பெரும்பான்மை நகரமொன்றில் சத்தம் போடாமல் வாழக் கற்றுக்கொண்டார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இரத்தினபுரி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 10 இலட்சத்து 88 ஆயிரம். அதில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனப் பதிவானோர் இருவரையும் சேர்த்தால் பத்தில் ஒருவர் அளவுக்கு வரும். கூட்டத்தில் எழுந்து நின்று ‘எங்கள் பஸ் நிறுத்தத்தை ஏன் மாற்றுகிறீர்கள்?’ என்று கேட்பது சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பத்தில் ஒருவராக வாழ்பவருக்கு, மூன்று தடவை வீடு எரிந்த குடும்பத்தின் பிள்ளைக்கு, அது சிறு விடயமல்ல.

நகரத் திட்டம் எப்படி உருவாகிறது?

இலங்கையில் நகரங்களின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் இரு நிறுவனங்கள் முக்கியமானவை. ஒன்று, 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நகர அபிவிருத்தி அதிகார சபை. மற்றையது உள்ளூராட்சி சபை. ஒரு பிரதேசத்தை நகர அபிவிருத்திப் பகுதியாக அமைச்சர் வர்த்தமானி மூலம் பிரகடனம் செய்தால், அங்கே அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கும் அதிகாரம் அதிகார சபைக்கு வருகிறது. எந்தத் தெருவில் எத்தனை மாடி, எது வர்த்தக வலயம், எது குடியிருப்பு, வீதியின் அகலம் எவ்வளவு என்பவை அத்திட்டத்தில் இருக்கும். வரைவுத் திட்டம் 60 நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, எழுத்துமூல ஆட்சேபனைகள் பெறப்பட வேண்டும். அதன் பின்னரே அது இறுதியாகும்.

இந்த 60 நாட்களில்தான் பெரும்பாலான மக்கள் தோற்றுவிடுகிறார்கள். அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வரும். வரைபடம் அலுவலகத்தில் இருக்கும். காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண்ணுக்கு அந்த அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் போக வேண்டுமானால் ஒருநாள் பெயரை விட வேண்டும்.

காணி சுவீகரிப்பு வந்தால் 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் செயற்படும். முதலில் 2 ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல், பின்னர் 4 ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபனைக்கான அறிவித்தல், அதன் பின் 5 ஆம் பிரிவின் கீழ் பிரகடனம் என்பது வழமையான ஒழுங்கு. அவசரம் என்று கூறி 38(அ) பிரிவின் கீழ் உடனடியாக உடைமை எடுக்கவும் முடியும். இச்சட்டம் காணியில் உரித்துள்ளவரையே முதன்மையாகக் கவனிக்கிறது. ஆனால் 2001 இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய விருப்பமற்ற மீள்குடியேற்றக் கொள்கை, ஆவண உரித்து இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. தோட்டத்து மக்களும் நடைபாதை வியாபாரிகளும் அறிந்திருக்க வேண்டிய வரி இது.

இரத்தினபுரி மாவட்டத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. இது மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். களுகங்கை பெருகினால் இரத்தினபுரி நகரமே நீரில் நிற்கும். 2003 மே, 2017 மே ஆகிய இரு அனர்த்தங்களிலும் நாடளாவிய ரீதியில் இருநூறுக்கும் அதிகமானோர் இறந்தனர். இம்மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. எனவே மலைச்சரிவில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்து அவசியமாகிறது. கடைவீதியில் வடிகானை மூடிக் கட்டப்படும் மாடிக்கட்டடம் மழைக்காலத்தில் யாருடைய வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளும் என்பதும் நகர அபிவிருத்திக் கேள்விதான்.

கொம்பனித்தெரு தந்த பாடம்

கேட்கப்படாத மக்களுக்கு என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்பு உதாரணம். 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. போர் முடிந்து ஓராண்டுக்குள், 2010 மே மாதத்தில், கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் படையினரின் பாதுகாப்போடு இடிக்கப்பட்டன. கொழும்பில் வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் இருப்பதாக அதிகார சபை கணக்கிட்டு, அவர்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றி நிலத்தை விடுவிக்கும் திட்டத்தை முன்னெடுத்தது.

கொம்பனித்தெரு மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் கலந்து வாழ்ந்த பழைய பகுதி. அங்கிருந்த எல்லோரும் சேரிவாசிகளல்ல. உறுதிப்பத்திரம் உள்ள வீட்டுக்காரரும் இருந்தார்கள். வீட்டின் அளவோ குடும்பத்தின் அளவோ கணக்கில் எடுக்கப்படாமல் பலருக்கும் ஒரே மாதிரிச் சிறு மாடிவீடு கிடைத்தது. அதற்கும் தவணைப் பணம் கேட்கப்பட்டது. வாசலில் இடியப்பம் அவித்து விற்ற பெண்ணால் பத்தாம் மாடியில் அதைச் செய்ய முடியவில்லை. சிலர் நீதிமன்றம் போனார்கள். நல்ல கழிவறையும் உறுதியான கூரையும் கிடைத்ததை வரவேற்றவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தெரிவு செய்யும் உரிமை தமக்கு வழங்கப்படவில்லை என்பதே பெரும்பாலானோரின் முறைப்பாடாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெயர்ப்பலகை

மற்றைய உதாரணம் பண்பாடு பற்றியது. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அருகே, புல்லுக்குளத்துக்குப் பக்கத்தில், இந்திய நிதியுதவியில் கட்டப்பட்ட கலாசார நிலையம் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டு, 2023 பெப்ரவரி 11 அன்று மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதற்குத் ‘திருவள்ளுவர் கலாசார மையம்’ என்று பெயர் சூட்டப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. வள்ளுவரை எவரும் எதிர்க்கவில்லை. ‘யாழ்ப்பாணம்’ என்ற ஊர்ப்பெயர் ஏன் நீங்கியது, தமிழ் ஏன் மூன்றாவது இடத்தில் எழுதப்பட்டது, எங்களிடம் கேட்டீர்களா என்பவையே கேள்விகள். விரைவிலேயே ‘யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம்’ என்று பெயர் திருத்தப்பட்டது.

கிளிநொச்சியில் நிலைமை வேறு. போரில் வீழ்ந்த நீர்த்தாங்கி நினைவுச் சின்னமாக்கப்பட்டு, தெற்கிலிருந்து வந்த பயணிகளுக்குக் காட்டப்பட்டது. அந்த நகரத்து மக்கள் தம் இறந்தவர்களை நினைவுகூர இடம் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அது நடந்தது. மீளக் கட்டப்படும் ஒவ்வொரு நகரமும் எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறது. பேசத் தெரிந்தவர்களும் ஊடகமும் இருந்த யாழ்ப்பாணத்தில் ஒரு பெயர்ப்பலகையைத் திருத்த முடிந்தது. நிவித்திகல போன்ற நகரத்தில் அந்த வலு தமிழரிடம் இல்லை.

விவாதத்தில் இருக்க வேண்டிய கேள்விகள்

நகர முன்னேற்றத்தை எதிர்ப்பது தோட்டத்து மக்களின் நிலைப்பாடு அல்ல. மழைக்கு ஒதுங்க இடமில்லாத பஸ் தரிப்பிடம், பெண்கள் போகக் கூசும் பொதுக் கழிவறை, சேறு நிறைந்த சந்தை ஆகியவற்றால் அதிகம் அவதிப்படுவதும் அவர்களே. வர்த்தகர்கள் வாகனத் தரிப்பிடம் கேட்பதிலும் நியாயம் உண்டு. மாணிக்கக்கல் வியாபாரத்தால் நகருக்குப் பணம் வருகிறது. கேள்வி, யாருடைய தேவை முதலில் எழுதப்படுகிறது என்பதே.

தோட்டத்துப் பாதைகளில் ஓடும் பஸ்கள் புதிய தரிப்பிடத்துக்குள் வருமா, அல்லது வெளியே வீதியில் நிற்குமா? பழைய கடைகளை இடித்தால், அங்கே வாடகைக்கு இருந்தவருக்கும் நடைபாதையில் இருந்தவருக்கும் புதிய கட்டடத்தில் என்ன வாடகையில் இடம்? பெயர்ப்பலகைகள் பிழையற்ற தமிழில் இருக்குமா? ஆடியிலும் மாசியிலும் மாரியம்மன் ஊர்வலம் வரும் வழியில் வீதித் தடுப்பு போடப்படுமா? இரத்தினபுரியின் மகா சமன் தேவாலயப் பெரஹெராவைப் போல, தப்பும் காமன் கூத்தும் இந்த மண்ணின் பண்பாடாக எண்ணப்படுமா? இரு நூற்றாண்டு வரலாற்றை நினைவூட்டி 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்தார்கள். அந்த நடையின் சாரமும் இதுவே: வந்தேறிகளாக அல்ல, இந்நாட்டின் மக்களாக எங்களைப் பாருங்கள் என்பது.

எங்கே, எப்படிப் பேசலாம்?

முதலாவது, பிரதேச சபை. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்த பின், தேர்தல் தள்ளிப்போனதால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தெரிவான உறுப்பினர் இன்றி அதிகாரிகளே சபைகளை நடத்தினர். தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்று தேர்தல் நடந்து சபைகள் மீண்டும் கூடின. சபைக் கூட்டங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத குடியிருப்பாளரையும் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. தோட்டத்திலிருந்து ஒருவரை, குறிப்பாக ஒரு பெண்ணை, அக்குழுவில் சேர்க்குமாறு எழுத்தில் கேட்கலாம்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. திட்ட வரைபடம், மதிப்பீடு, ஒப்பந்தம், கடை அறை ஒதுக்கும் முறை ஆகியவற்றைத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

மூன்றாவது, மொழி. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும், அதிகாரியுடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்தால் அதைச் சுட்டிக்காட்டித் திருப்பிக் கேட்கலாம்.

நான்காவது, பாராளுமன்றம். 2024 நவம்பர் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தெரிவான சுந்தரலிங்கம் பிரதீப் பெருந்தோட்டத் துறைக்குப் பொறுப்பான பிரதி அமைச்சராக உள்ளார். லயத்துக்கும் நகரத்துக்கும் உள்ள தொடர்பை அவரிடம் எடுத்துச்சொல்வதும், அவர் செய்வதையும் செய்யாததையும் கேட்பதும் வாக்காளரின் கடமை.

இவை எதுவும் தனியொருவரால் ஆகிற காரியமல்ல. கோயில் பரிபாலன சபை, மாதர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டி ஆகியவை சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் அதற்கு எடை கூடும். பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் மரண உதவிச் சங்கமும் அதில் கையெழுத்திட்டால் இன்னும் கூடும். பஸ் தரிப்பிடத்தில் மழை எல்லோர் தலையிலும்தான் விழுகிறது.

வடக்கு கிழக்கில் நிலத்துக்காகவும் நினைவுக்காகவும் போராடுவோர், தெற்கின் சிறு நகரங்களில் சிதறி வாழும் தமிழரின் இந்தக் கேள்விகளையும் தம் கேள்விகளாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்சேபனைக் கடிதத்தை மூன்று மொழிகளில் எழுதிக் கொடுக்கவும், வர்த்தமானியைப் படித்து விளக்கவும், வழக்கென்றால் சட்டத்தரணியை ஒழுங்குசெய்யவும் இயலுமானவர்கள் அங்கே பலர் இருக்கிறார்கள். 1981 இல் நிவித்திகலப் பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்களுக்கு வவுனியாவில் ஒரு சிலர் காணியும் கூரையும் தேடித் தந்தார்கள். ஓடாமல் நின்றவர்களுக்கு இன்று தேவைப்படுவது, தம் சொந்த நகரத்தின் வரைபடத்தைத் தம் மொழியில் பார்க்கும் வாய்ப்பு.